ஒரு டேப், நாலு விரல்

காலை ஏழே முக்காலுக்கு லாரி யார்டின் கேட் திறந்தது. அருணாதேவி அதற்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கழுத்தில் தையல் டேப் தொங்கியது. பக்கத்தில் அவள் கணவன் முருகவேல். அவன் கையில் ஒரு தலையணை இருந்தது.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பழைய லாரிகளை வாங்கி விற்பவன் தருமன். முதலில் தலையணையைப் பார்த்தான். பிறகு டேப்பை.

"இன்னாக்கா, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"உயரம் பாக்கணும்."

"எதோட உயரம்? லோடு ஏத்தற உயரமா? எங்கனா பாலத்துக்கு அடியில பூந்து போவணுமா?"

"கேபின் உயரம். உள்ள டிரைவர் படுக்கற எடம் இருக்குமே, சீட்டுக்குப் பின்னாடி. தரையில இருந்து அது எவ்ளோ உயரம்னு பாக்கணும்."

தருமனிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். டயரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வண்டியில் யாராவது செத்திருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். படுக்கையின் உயரத்தை யாரும் கேட்டதில்லை.

"எவ்ளோ வேணும்?"

"ஒரு டேப், நாலு விரல்."

அவள் டேப்பைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்தாள். அது அறுபது இஞ்ச்சில் முடிந்தது. அதற்கு மேல் நான்கு விரல்களை வைத்துக் காட்டினாள்.

"அது இன்னா கணக்கு?"

"எங்க வூட்டுக் கட்டில் உயரம்."

"அஞ்சடிக்கு மேலயா கட்டில் போட்டிருக்க?"

"தெருவுல இருந்து சொல்றேன்."

அவர்கள் வீடு அடி அண்ணாமலையில். அவள் மாமனார் கட்டியது. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகும், வீடு பள்ளத்தில் கிடக்கும் என்று பயந்து, ஆறு படி வைத்து உயர்த்திக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்னும் தார் வரவில்லை. வீடு மட்டும் உயரத்தில் இருக்கிறது.

"செரி. கட்டிலுக்கும் லாரிக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

அருணாதேவி கணவனைப் பார்த்தாள். அவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்தான். அவள்தான் சொன்னாள்.

முருகவேல் இருபத்திரண்டு வருடம் வடநாட்டுக்கு லாரி ஓட்டினான். பங்குனியில் வேலையை விட்டு வந்தான். அவள்தான் வரச் சொன்னாள். வந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலில் படுத்தான். தரையில் படுத்தான். மாடியில் படுத்தான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தான்.

ஒரு நாள் ரமணாசிரமம் பக்கம் போனவன் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. தேடிப் போனாள். செங்கம் ரோட்டோரம் செங்கல் இறக்க வந்த ஒரு லாரிக்குள் படுத்திருந்தான். நல்ல தூக்கம். வண்டியின் டிரைவர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். செங்கல் இறக்கி ரொம்ப நேரமாகியிருந்தது.

"எழுப்ப மனசு வரலைம்மா," என்றார் அவர். "யாரு பெத்த புள்ளையோ."

அடுத்த வாரம் பழைய முதலாளி போனில் கூப்பிட்டார். பௌர்ணமி கழித்து வருவதாக முருகவேல் சொன்னான். அருணாதேவி ஏன் என்று கேட்டாள்.

"தூக்கம் வர்ற எடத்துக்குத்தானே மனுஷன் போவான்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் யோசித்தாள். அந்த இடத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அவன் வேறெங்கும் போக வேண்டியதில்லை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, வீட்டுக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில், நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. ஒரு லாரி நிற்கும். கீழ்பென்னாத்தூரில் அவள் பங்குக்கு வந்த வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையை விற்ற பணமும் இருந்தது. பகலில் அவன் உள்ளூரில் நெல் மூட்டை ஏற்றட்டும். இருட்டினால் ஜன்னல் ஓரம் வந்து நிற்கட்டும். அவன் வண்டியில் படுப்பான். அவள் கட்டிலில் படுப்பாள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவன் மேலேயும் அவள் கீழேயும் கிடந்தால் அவன் நாக்பூரில் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

தருமன் கேட்டு முடித்தான். சிரிக்கவில்லை. வியாபாரி.

"இதுக்கு எதுக்குக்கா முழு வண்டி? காயலான் கடையில வெறும் கேபின் கெடைக்கும். செங்கல் அடுக்கி மேல தூக்கி வெச்சுக்கோ. ஒரு டேப்பு வேணுமா, ஒன்ற டேப்பு வேணுமா, உன் இஷ்டம்."

முருகவேல் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஓடாத வண்டில எவன் படுப்பான்?"

"தூங்கும்போது ஓட்டவா போறண்ணா?"

"ஓட்ட மாட்டேன். ஆனா அது ஓடற வண்டியா இருக்கணும்."

தருமன் தலையாட்டினான். இது அவனுக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

முதல் வண்டி ஒரு சாண் கம்மி. அருணாதேவி தரையில் மண்டியிட்டு டேப்பின் நுனியைப் பிடித்தாள். தருமன் கேபினுக்குள்ளிருந்து மறுநுனியைப் பிடித்தான். அவள் வேண்டாம் என்றாள்.

இரண்டாவது வண்டி பச்சை நிறம். ஒரு டேப். நாலு விரல். மறுபடி அளந்தாள். சரியாக இருந்தது.

"ஏறுங்க," என்றாள்.

முருகவேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். தலையணையை வைத்துப் படுத்தான். தருமன் டீ சொன்னான். இருவரும் புங்கமர நிழலில் நின்று டீ குடித்தார்கள். குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். முருகவேல் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"எப்டிங்க இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

"தூக்கம்?"

"வரலை."

"நாம நின்னு பாத்துகினு இருந்தா எப்டிக்கா வரும்?" என்றான் தருமன். "கூச்சமா இருக்கும். திரும்பிக்கோ."

இருவரும் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ரோட்டில் பஸ்கள் போயின. டிப்பர் வாங்க வந்த ஒருவர் கேட்டைத் தாண்டி வந்து, அவர்களைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் தானும் திரும்பி நின்றுகொண்டார்.

"வரலை," என்றது குரல் பின்னாலிருந்து.

மூன்றாவது வண்டியிலும் நான்காவது வண்டியிலும் உயரம் ஒத்துவந்தது. தூக்கம் வரவில்லை. நான்காவது வண்டியில் தருமன் டேப்ரெக்கார்டரைப் போட்டுப் பார்த்தான். ஐயப்பன் பாட்டு வந்தது. முருகவேல் முழுப் பாட்டையும் கூடவே பாடினான்.

யார்டின் மூலையில் ஒரு பெரிய வண்டி நின்றது. ஆரஞ்சு நிறம். பத்துச் சக்கரம். கேபினுக்கு ஏறவே மூன்று படி. அருணாதேவி அளந்தாள்.

"ஒரு டேப், ஒரு முழம்," என்றாள். "ஜாஸ்தி. வேணாம். வாங்க, வேற எடத்துல பாக்கலாம்."

திரும்பிப் பார்த்தாள். செருப்பு கீழே கிடந்தது. அவன் இல்லை.

"என்னங்க."

கேபினுக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

தருமன் டேப்பின் நுனியை விட்டான். அது அவள் கையில் சுருண்டது.

"அக்கா," என்றான். "வண்டி வித்தாச்சு."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. முருகவேல் எழும்வரை உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும் பச்சை வண்டியில் ஏறச் சொன்னாள். விழித்துக் கிடந்தான். ஆரஞ்சு வண்டியின் மெத்தையை எடுத்துப் பச்சை வண்டியில் போடச் செய்தாள். அதிலும் விழித்துக் கிடந்தான். மெத்தை இல்லாத ஆரஞ்சு வண்டியில் ஏற்றினாள். வெறும் தகரத்தின்மேல் தலையணையை நேராக வைப்பதற்குள் தூங்கிவிட்டான்.

டிப்பர் வாங்க வந்தவர் கைதட்டினார்.

"அப்டி இன்னாங்க இருக்குது இதுல?" என்று அவன் எழுந்ததும் கேட்டாள்.

முருகவேல் யோசித்தான். "தெரியலை."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

அவள் தருமனிடம் போனாள். "இத்த எறக்க முடியுமா?"

"காத்தக் கம்மி பண்ணா ரெண்டு வெரல் எறங்கும். அதுக்கு மேலன்னா சக்கரத்தக் கழட்டணும்."

சக்கரம் இல்லாத வண்டியில் அவன் படுக்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். தூக்கத்தை அவளால் தைக்க முடியாது. உயரத்தை ஏதாவது செய்யலாம்.

வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

வண்டியை இறக்கத்தான் முடியாது, தரையைத் தாழ்த்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த நாள் ஜேசிபி வரச்சொன்னாள். ஓட்டி வந்தவன் பெயர் அன்பரசன். ஜன்னலுக்கு வெளியே முழ ஆழத்துக்கு ஒரு பள்ளம், வண்டி சரிந்து இறங்க ஒரு வழி. எதற்கு என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள். அவன் வேறு கேள்வி கேட்கவில்லை.

அரையடி தோண்டினான். பக்கெட் எதிலோ மோதியது. அன்பரசன் இறங்கி வந்து மண்ணைக் கையால் ஒதுக்கினான். கறுப்பாகப் பாறை தெரிந்தது. அதன்மேல் கை வைத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அடுத்த வீட்டு ராஜம்மாளின் மாடிக்கு மேலே நின்ற மலையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

"இது மலைக்கா," என்றான்.

"பாறைப்பா."

"மலையோட பாறை. அங்க இருந்து அடியிலயே இங்க வந்துகீது."

"பாறை ஒடைக்கத்தான மிஷின் வெச்சிருக்க?"

"வேற ஊருல ஒடைப்பேன். இங்க மலையே சாமி. சாமி மேல பக்கெட்டப் போட்டுட்டு நான் எங்க போயி பொழைக்கறது?"

சத்தம் நின்றதும் ராஜம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும்.

"இன்னா அருணா, தண்ணித் தொட்டியா?"

"லாரிக்குப் பள்ளம்."

"மலையிலயா தோண்டற?"

"என் எடத்துலக்கா தோண்டறேன்."

"மேல உன் எடம். அடியில அவரு எடம்," என்றாள் ராஜம்மாள். உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தாள். அன்பரசன் அதைப் பாறையின்மேல் ஏற்றிக் கும்பிட்டான். எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டு மூடினான். ஜேசிபி வந்துபோன வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டான். தோண்டியதற்கு வாங்கவில்லை.

"மேல லாரி நிக்கலாமா?" என்று அருணாதேவி கேட்டாள்.

அவன் மூடிய மண்ணைக் கையால் தட்டினான்.

"நிக்கலாம். எல்லாரும் அது மேலதான நிக்கறோம். குத்தக் கூடாது."

மிச்சம் இருந்தது கட்டில். அதை உயர்த்தினாள். காலுக்கு இரண்டு ஹாலோ பிளாக். முருகவேல் தூக்கிப் பிடித்தான், அவள் கல்லை நகர்த்தினாள். ஏறுவதற்குத் தையல் மிஷின் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் நல்ல உயரம், அதனால் பிரச்சினை இல்லை. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பரணில் இருக்கும் அண்டாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதன்முறையாகத் தெரிந்தது. ஒன்றும் இல்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம் வண்டி வந்தது. கிரிவலப் பாதையில் வேன்கள் வரத் தொடங்கியிருந்தன. தருமனே ஓட்டி வந்தான். வந்ததும் சாவியை முருகவேலிடம் கொடுத்தான். ராஜம்மாள் பூசணிக்காயோடு நின்றாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கற்பூரம் எரிந்தது. முருகவேல் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல், வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டான். ஜன்னல் கம்பிக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"கைன்னா இது கை," என்றான் தருமன்.

முதலாளியின் போன் காலையிலேயே வந்துவிட்டது. முருகவேல் எடுக்கவில்லை. எடுக்காமல் வைத்தான் என்பதை அருணாதேவி பார்த்தாள்.

"படுத்துப் பாருங்க," என்றாள்.

"இப்பவா?"

"உயரம் சரியாகீதான்னு பாக்கணும் இல்ல."

அவன் தலையணையோடு கேபினில் ஏறினான். அவள் வீட்டுக்குள் ஓடினாள். ஸ்டூலில் ஏறினாள். கட்டிலில் ஏறினாள். படுத்தாள். கேபினின் பக்கவாட்டுச் சிறிய கண்ணாடியை அவன் நகர்த்தித் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரே மட்டம். நூல் பிடித்த மாதிரி. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

இரண்டு குதிகால்கள் தெரிந்தன.

லாரியில் படுக்கை குறுக்கே இருக்கும். ஒரு கதவுப் பக்கம் தலை, மறு கதவுப் பக்கம் கால். அவள் உயரத்தை அளந்தாள். அகலத்தை அளந்தாள். அவன் எந்தப் பக்கம் தலை வைப்பான் என்று கேட்கவில்லை.

"என்னங்க. தலைய இந்தப் பக்கம் வைங்க."

குதிகால்கள் அசையவில்லை. "முடியாதே," என்றான்.

"ஏன்?"

"அந்தப் பக்கம் மலை இருக்குதே."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குக் கிழக்கே வண்டி. வண்டிக்குக் கிழக்கே ராஜம்மாள் வீடு. அதற்கும் கிழக்கே மலை. அவன் இந்தப் பக்கம் தலை வைத்தால் கால் மலையைப் பார்க்கும். மலையைப் பார்த்து ஊரில் யாரும் காலை நீட்டுவதில்லை.

"வண்டியத் திருப்பி வுட்டா?" கீழே இருந்து தருமன் கேட்டான்.

"எப்டி வுட்டாலும் மலை அங்கதான இருக்கும்," என்றாள் அருணாதேவி.

"குறுக்க நிறுத்தினா?"

"குறுக்க நிறுத்தணும்னா ராஜம்மா அக்கா வூட்டு ஹால்லதான் நிறுத்தணும்."

"அய்யய்யோ," என்றாள் ராஜம்மாள்.

தருமன் கேபின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "அண்ணா, நடுவுல கதவு கீது. அதுக்கப்புறம் செவுரு. செவுத்துக்கு அப்புறம் ஒரு வூடு. இதெல்லாம் தாண்டியா உன் கால் தெரியப் போவுது அவருக்கு?"

"செவுரு வெச்சா மலை இல்லாம பூடுமா?" என்றாள் ராஜம்மாள்.

"கால மடக்கிக்கோ. மடக்கினா கால் மேல பாக்கும்."

முருகவேல் அதைச் செய்து பார்த்தான். தலை இந்தப் பக்கம் வந்தது. அருணாதேவி அவன் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தாள். முழங்கால்கள் கூரையைத் தொட்டன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார்கள். அவன் காதோரம் நரைத்திருந்தது.

"தூக்கம் வருதா?"

"வருது. ஆனா வந்தா கால் தானா நீளும்."

"நீளட்டுமே. தூக்கத்துல பண்றதுக்குக் குத்தம் இல்ல."

"நீளும்னு தெரிஞ்சே தூங்கறது குத்தம்," என்றாள் ராஜம்மாள் கீழே இருந்து.

"அக்கா, நீ போயி உன் வேலையப் பாரேன்," என்றாள் அருணாதேவி.

"நான் சொல்லலம்மா, ஊர் சொல்லும். பொண்டாட்டி பக்கம் கால் நீட்னா வூட்டோட போச்சு. மலை பக்கம் நீட்ட முடியுமா?"

முருகவேல் எழுந்து உட்கார்ந்தான். தலையணையை மறுபடி அந்தப் பக்கம் போட்டான்.

"வழக்கமாயிடுச்சு," என்றான். "வண்டிய நிறுத்தும்போதே பாத்துதான் நிறுத்துவேன். எந்த ஊரா இருந்தாலும் மலை எந்தப் பக்கம்னு பாத்து அந்தப் பக்கம்தான் தலை. கொல்கத்தான்னா தென்மேற்கு. நாக்பூர்னா தெக்க. கன்னியாகுமரியில வடக்கயே வெச்சிருக்கேன். வடக்க தலை வெக்காதன்னு கிளீனர் கத்துவான்."

"தெனமுமா?"

"தெனமும்."

"எங்கிட்ட சொன்னதே இல்ல."

"இதப் போயி இன்னா சொல்றது?"

அவன் படுத்தான். குதிகால்கள் ஜன்னலுக்கு வந்தன. வெடித்திருந்தன. இடது காலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தருமன் சத்தமில்லாமல் கேபின் கதவைச் சாத்தினான். ராஜம்மாள் உடைந்த பூசணிக்காயை ஓரமாக ஒதுக்கினாள்.

அருணாதேவி படுத்துக்கொண்டாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவன் பாதத்தைப் பிடித்தாள். சூடாக இருந்தது.

"என்னங்க, நாக்பூர்ல இருந்தப்போ நானும் மலையும் உங்களுக்கு ஒரே பக்கம்தானே இருந்தோம்?"